கணினிக் கணக்கும் அதன் காவலும்

விதை நெல்லைச் சேமிக்கும் முறையைக் குடியானவர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. நன்றாய் உலர்ந்த மணியைத் தெரிந்தெடுத்து, வைக்கோற் பிரியால் கோட்டை கட்டி, மேலே சாணம் பூசி, எலியும் ஈரமும் அணுகாத இடத்தில் வைப்பது பரம்பரையாக வந்த வழக்கம். களஞ்சியத்துச் சாவியை முன்பின் அறியாதவரிடம் கொடுத்துவிட்டு வெளியூர் செல்லும் மிராசுதாரரைக் காண்பது அரிது. ஆயினும் அதே மிராசுதாரர், தம்முடைய பட்டா, சிட்டா, அடங்கல், கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு, வங்கி இருப்பு ஆகிய யாவற்றையும் திறக்கக்கூடிய சாவியைக் கேட்டவர் கையில் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடுகிறார். கிராம உத்தியோகஸ்தர்களில் பலரும் இவ்விஷயத்தில் அவரைக் காட்டிலும் ஜாக்கிரதையுள்ளவர்கள் என்று சொல்வதற்கில்லை. அச்சாவிக்குக் கடவுச்சொல் என்று பெயர். அதைப் பேணும் வழக்கம் அலுவலகங்களில் இன்னும் வேரூன்றவில்லை. வேரூன்றாமையால் விளையும் நஷ்டமோ பெரும்பாலும் ஏழைக் குடியானவர் தலையிலும், சிறு சம்பளக்காரர் தலையிலுமே விழுகிறது.

கணக்கு இடம் மாறிய விதம்

முற்காலத்தில் கிராமக் கணக்குகள் கர்ணத்தின் பெட்டியில் இருந்தன. 1980-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் எடுக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமனமாயினர். அதன்பின் கணக்குகள் சிறிது சிறிதாகக் கணினியில் ஏறி, இப்போது நில உரிமைப் பதிவுகள் ‘தமிழ் நிலம்’ என்னும் ஏற்பாட்டின் வழியே நடந்து வருகின்றன. பட்டா நகல் வேண்டித் தாலுகா கச்சேரிக்கு மூன்று நாள் அலைந்த குடியானவர், இன்று தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே அதனைப் பார்த்துக்கொள்கிறார். இந்த அனுகூலத்தை எவரும் குறைத்துப் பேச இயலாது.

ஆனால் அனுகூலம் பெருகும்போது அபாயத்தின் தன்மையும் மாறுகிறது. பெட்டியிலிருந்த கணக்கில் ஒருவர் கை வைக்க வேண்டுமானால் அந்தக் கிராமத்துக்கு வந்தாக வேண்டும். மையின் நிறமும் எழுத்தின் சாயலும் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு கிராமத்துக் கணக்கைக் கெடுத்தவர் அடுத்த கிராமத்துக் கணக்கையும் கெடுப்பது எளிதன்று. கணினிக் கணக்கிலோ, கடவுச்சொல் கைக்குக் கிட்டிவிட்டால், எங்கோ ஒரு கடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பெயர்களைச் சேர்க்கவும் நீக்கவும் கூடும். அவ்வாறு செய்த பதிவுகளெல்லாம், கடவுச்சொல்லுக்கு உரிய உத்தியோகஸ்தரே செய்தவை போலத் தோன்றும்.

2020-ஆம் ஆண்டில் கற்ற பாடம்

இது வெறும் கற்பனையான பயமன்று. விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 6,000 வீதம் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேரே செலுத்தும் பி.எம். கிசான் திட்டம், 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மத்திய அரசாங்கத்தாரால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அதாவது 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வாக்கில், தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இத்திட்டத்தின் பட்டியலில் ஒரு குழி நிலமும் இல்லாதவர்களுடைய பெயர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்திருப்பது வெளியாயிற்று. தகுதியற்றவர்களுக்குச் சென்ற தொகை ஏறக்குறைய 110 கோடி ரூபாய் என்று அப்போது அரசு தரப்பிலேயே அறிவிக்கப்பட்டது. குற்றப் பிரிவு, குற்றப் புலனாய்வுத் துறையார் விசாரணையை ஏற்றனர். தற்காலிக ஊழியர்கள் பலர் வேலையிழந்தனர்; உத்தியோகஸ்தர்கள் சிலர் தற்காலிகமாக நீக்கி வைக்கப்பட்டனர்; தரகர்கள் உள்ளிட்ட பலர் கைதாயினர்.

இவ்வளவும் எவ்வாறு நிகழ்ந்தது? கணினியின் பூட்டை எவரும் உடைக்கவில்லை. மதிநுட்பம் மிக்க எந்தத் திருடனும் அயல்நாட்டிலிருந்து நுழையவில்லை. விண்ணப்பங்களை ஏற்று அனுமதிக்கும் அதிகாரத்துக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன, அவ்வளவே. பூட்டு நல்ல பூட்டுத்தான். சாவி இரவலாகச் சென்றது.

இதிலே மனம் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. பட்டியலில் ஏறிய ஏழைகளிற் பலர் தாம் செய்வது குற்றம் என்றே அறியாதவர்கள். சர்க்கார் உதவிப் பணம் வருகிறது என்று தரகர் சொன்னதை நம்பி, ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் கொடுத்தவர்கள். தரகர் தம் கமிஷனை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு நகர்ந்துவிட்டார். பணம் திரும்ப வசூலிக்கப்பட்டபோது அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் கணக்குக்கு உரியவரே. வேலியே பயிரை மேய்ந்தது போலாயிற்று. மேய்ந்த மாட்டுக்குப் பதில் பயிரின் மீது அபராதம் விழுந்தது.

வேரில் உள்ள பிணி

இத்தகைய காரியங்களை நாணயக் குறைவு என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுவது பலருக்கும் வழக்கம். நாணயமற்றவர்கள் எங்கும் சிலர் உண்டு. ஆனால் அவர்களுக்கு வழி திறந்து விடுவது நாணயமுள்ளவர்களின் அசிரத்தையே. கிராமத்து அலுவலகம் ஒன்றை நோக்கினால் அதன் காரணம் விளங்கும். கணினி ஒன்று, அதில் வேலை செய்ய வேண்டியவர்களோ நால்வர். பகலில் இணையம் மந்தமாக இருக்கும். மாதக் கடைசிக்குள் இத்தனை பெயர் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருக்கும். உத்தியோகஸ்தர் வயலுக்கோ கூட்டத்துக்கோ போயாக வேண்டும். ஆகவே அவர் தற்காலிக ஊழியரை அழைத்து, “நீயே போட்டுவிடு, அப்பா” என்று கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். ஊழியர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்திலே ஒட்டி வைக்கிறார். மனுக் கொடுக்க வருகிறவர் எல்லோரும் அதைப் படிக்கலாம்.

இவ்வேற்பாட்டில் மூவருக்குக் கேடு உண்டு. முதலாவது, உத்தியோகஸ்தருக்கு. தவறான பதிவு ஒன்று வெளியானால் கணினி சாட்சி சொல்வது அவர் பெயரைத்தான். ‘அன்று அலுவலகத்திலேயே இல்லை’ என்று அவர் சொல்வது எடுபடாது. இரண்டாவது, அந்தத் தற்காலிக ஊழியருக்கு. உத்தியோகஸ்தரே செய்த பிழையாயினும், ‘கடவுச்சொல் அவனிடம் இருந்தது’ என்ற ஒரு வார்த்தையால் பழி அவர்மேல் விழும். மூன்றாவது, உண்மையான விவசாயிக்கு. ஒவ்வொரு மோசடிக்கும் பின்னே சரிபார்ப்புகளும் ஆதாரங்களும் பெருகி, நேர்மையாக விண்ணப்பித்தவரும் மீண்டும் மீண்டும் அலைய நேர்கிறது. ஆகவே அவரவர்க்குத் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல் என்னும் விதி, எவரையும் சந்தேகிப்பதற்காக ஏற்பட்டதன்று. யோக்கியமாக வேலை செய்கிற இருவரையும் காப்பதற்காக ஏற்பட்டது. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதையும் ஒவ்வொரு ஊழியரும் அறிந்திருத்தல் நலம்.

அலுவலகத்தில் கைக்கொள்ளத் தக்கவை

கடவுச்சொல் நீளமாயிருக்க வேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, தொலைபேசி எண், ஊர்ப் பெயர், ஒன்று முதல் ஆறு வரையிலான இலக்கம் ஆகியவை எவரும் முதலில் முயன்று பார்ப்பவை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து அமைத்தால், நினைவில் வைப்பதும் எளிது. பிறர் ஊகிப்பதும் அரிது. அலுவலகத்துக்கு வைத்த சொல்லையே வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்தல் கூடாது. ஒரே சாவியால் வீடும் களஞ்சியமும் மாட்டுத் தொழுவமும் திறக்குமானால், ஒன்றைத் தொலைத்தவர் எல்லாவற்றையும் தொலைத்தவராவார். கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைக் காவல் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அதை ஏற்படுத்திக்கொள்வது உத்தமம்.

மின் கையொப்பச் சாவியைக் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். விரல் நீளமுள்ள அக்கருவி கணினியில் செருகப்பட்டிருக்கும் வரை, அதன் இரகசிய எண்ணை அறிந்த எவரும் அதிகாரியின் கையெழுத்தைப் போடலாம். காலையில் செருகியதை மாலை வரை அப்படியே விட்டுவைப்பது, வெள்ளைத்தாள்களில் கையெழுத்திட்டு மேசைமேல் பரப்பி வைப்பதற்கு ஒப்பாகும். கையொப்பமிட்டு முடிந்ததும் அதைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுவதே முறை. தேநீர் அருந்த எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டே எழ வேண்டும். விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்துவது ஒரு கணப் பொழுது வேலை.

கணினியில் உள்ள மென்பொருளுக்கு அதைச் செய்தவர்கள் அவ்வப்போது அனுப்பும் திருத்தங்களை ஒத்திப்போடுவது மற்றொரு தீய வழக்கம். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் கெடுநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. அது கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் பெறுமான பிட்காயின் கேட்டது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளும் தொழிற்சாலைகளும் மாத்திரம் இதற்கு இரையாகவில்லை. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் இரையாயின. இத்தனைக்கும், அந்தக் கெடுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில், வெளியிடப்பட்டிருந்தது. அதை ஏற்றுக்கொண்ட கணினிகள் தப்பின. ‘நம்முடைய சிறு கிராமத்தை எவன் தேடி வரப்போகிறான்’ என்பாருக்கு இதுவே விடை. புகையான் பூச்சி பெரிய பண்ணை, சிறிய பண்ணை என்று பார்ப்பதில்லை. காவலற்ற வயல் எதுவோ அதில் இறங்கும். விண்டோஸ் 7-க்கு 2020-ஆம் ஆண்டு ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டபடியால், அவற்றை இன்னும் வைத்திருக்கும் அலுவலகங்கள் மேலிடத்துக்கு எழுதி மாற்று ஏற்பாடு கேட்பது அவசியம்.

யாரோ கொண்டுவரும் பென்டிரைவைச் சோதியாமல் செருகுவது, அயலூர் விதையை நோய் பாராமல் நாற்றங்காலில் விடுவதற்குச் சமானம். அதுபோலவே, கணக்குகளுக்கு நகலெடுத்து வைக்காமையும் பெரும் பிசகு. விதையை ஒரே குதிரில் வைக்காமல் பாதியை அண்ணன் வீட்டிலும் வைக்கும் முன்யோசனை விவசாயிகளிடம் உண்டு. அலுவலகக் கோப்புகளுக்கும் அது பொருந்தும். கணினியில் ஒன்று, வேறொரு தட்டில் ஒன்று, அலுவலகத்துக்கு வெளியே பத்திரமான இடத்தில் ஒன்று என மூன்று இருத்தல் நலம். வெளியே வைத்த நகல் எந்நேரமும் கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. இணைந்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டுவிடும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை செய்யும் ஒரு நிறுவனம் இவ்வகைத் தாக்குதலுக்கு ஆளானதால், கூட்டுறவு வங்கிகளும் கிராமிய வங்கிகளுமாக ஏறக்குறைய 300 வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாக நின்றது. நகையடகு வைத்தவரும் உரம் வாங்கப் பணமெடுக்க வந்தவரும் காத்துக் கிடக்க நேர்வது இத்தகைய நாட்களில்தான்.

மாறுதலாகிப் போகிறவரின் பயனர் கணக்கை அவர் போகும் நாளிலேயே முடித்துவிட வேண்டும். முடியாவிடில் அது ஆளில்லா வீட்டின் பின்கதவாகக் கிடக்கும். காகிதத்தின் மீதும் கண் வேண்டும். மனுக்களோடு வந்த ஆதார் நகல்கள் பழைய காகிதக் கடை வழியாக வேர்க்கடலைப் பொட்டலமாய்த் திரும்பி வருவது அரிதான காட்சியன்று. வேலை முடிந்த நகல்களைக் கிழித்தோ எரித்தோ அழிப்பது அலுவலகத்தின் கடமை; வேண்டாத நகலைக் கேட்காதிருப்பது அதனினும் மேலான கடமை.

நிலமுடையோர் கவனத்துக்கு

கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண், எழுதாத காசோலைக்கு இடும் கையெழுத்துப் போன்றது. வங்கியோ, விவசாய இலாகாவோ, ஆதார் நிறுவனமோ அதைத் தொலைபேசியில் கேட்பதே இல்லை. கேட்பவர் எவராயினும் திருடரே. பி.எம். கிசான் தவணை, பயிர்க் காப்பீட்டுத் தொகை, டிராக்டர் மானியம் என்ற பெயர்களால் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளைத் தொடவே கூடாது. அதைத் திறந்து ஏற்றினால், கைபேசியில் வரும் குறுஞ்செய்திகள் யாவும் வேறொருவர் கண்ணுக்குப் போகக்கூடும்.

கைவிரல் ரேகையும் ஒரு சாவியே. ஆனால் தொலைந்தால் மாற்ற முடியாத சாவி. 2018-ஆம் ஆண்டில் தெலுங்கானாவில், நிலப்பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளைப் பிரதியெடுத்துப் போலி விரல் அச்சுச் செய்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளைச் செயல்படுத்திய செய்தி வெளியாயிற்று. ரேகை வைத்தால் பணம் தரும் ஏற்பாடு கிராமங்களில் பரவியிருப்பதால், நிலம் விற்று வாங்கியவர்கள் இதில் அஜாக்கிரதையாக இருத்தல் தகாது. ஆதார் செயலியின் வழியாக ரேகையைப் பூட்டி வைக்கவும், ரேஷன் கடை முதலிய இடங்களில் தேவைப்படும்போது மாத்திரம் திறக்கவும் வசதியுண்டு. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மறைக்கப்பட்ட ஆதார்’ நகலைப் பல காரியங்களுக்குக் கொடுக்கலாம். முழு நகலே கொடுக்க நேர்ந்தால், எக்காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதை அதன் மேலேயே எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம்.

படிப்பறியாத முதியவர்கள் இவற்றையெல்லாம் எங்ஙனம் செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. துணை வேண்டும், ஆனால் துணை மகனாகவோ பேத்தியாகவோ இருக்கட்டும், தரகராக வேண்டாம். சேவை மையத்துக்குச் சென்றாலும் கைபேசி தம் கையிலேயே இருக்க வேண்டும். வந்த எண்ணைத் தாமே வாசித்தோ வாசிக்கச் செய்தோ, அது எதற்கான எண் என்று கேட்டபின்பே சொல்ல வேண்டும். ரசீது வாங்காமல் நகரக் கூடாது. பணம் பறிபோனதாகத் தெரிந்தால், வெட்கத்தால் மறைத்து வைக்காமல் அக்கணமே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து ஓடுமுன் தெரிவித்தால் தடுத்து நிறுத்தக் கூடும். அதற்குப்பின் தெரிவிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் காரியமாய் முடியும்.

மேலிடத்தார் செய்யவேண்டுவது

இவ்வளவும் கீழுள்ளவர்கள் செய்ய வேண்டியவை. ஆனால் பழக்கத்தைப் போதித்துவிட்டு வசதியைத் தராதிருத்தல் நீதியாகாது. நால்வருக்கு ஒரு கணினியும், ஒரே பயனர் பெயரும், கடுமையான கெடுவும் கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லைப் பகிர்ந்தது ஏன் என்று கேட்பது, வாய்க்காலை அடைத்துவிட்டுப் பயிர் வாடியது ஏன் என்று கேட்பது போன்றது. விவரத்தை ஏற்றுபவருக்கு ஏற்றும் உரிமையும், அனுமதிப்பவருக்கு அனுமதிக்கும் உரிமையும் தனித்தனியே அமைய வேண்டும். தற்காலிக ஊழியராயினும் அவருக்குத் தனிப் பெயர் வேண்டும். உத்தியோகஸ்தர் வயலில் இருக்கும் நாளில் அனுமதி வேலை மறுநாள் வரை காத்திருக்கலாம் என்று மேலிடமே எழுத்து மூலம் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. தவறான கோப்பைத் திறந்துவிட்டேன் என்று அன்றே வந்து சொல்லும் ஊழியரைத் தண்டித்தால், அடுத்த முறை எவரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பாத்தியில் நோய் கண்டதும் ஓடிவந்து சொல்லும் பண்ணையாளை எந்த மிராசுதாரரும் கடிந்துகொள்வதில்லை; அந்தச் சொல்லால்தான் மற்றப் பாத்திகள் பிழைக்கின்றன. மறைத்தவருக்கே தண்டனை, உரைத்தவருக்கு உதவி என்னும் விதி அலுவலகத்தில் நிலைபெற வேண்டும்.

இக்காவலால் வேலை தாமதப்படும் என்னும் ஆட்சேபணை சிலரிடம் உண்டு. தாமதம் உண்மையே, ஒரு நாளைக்குச் சில நிமிஷங்கள். 2020-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின்னர், ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்து, ஒவ்வொரு கணக்காகப் பணத்தைத் திரும்பப் பெற உழைத்த நாட்களை அந்த நிமிஷங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு எது அதிகச் செலவு என்பது விளங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காவல் கிராமத்தின் கையிலேயே உள்ளது. கணினியை ஏமாற்றலாம், எவருக்கு எத்தனை ஏக்கர் என்பதை அறிந்த ஊராரை ஏமாற்றுவது கடினம். திட்டப் பயனாளிகளின் பெயர்ப் பட்டியலைக் கிராம சபைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பது கட்டாய வழக்கமாகட்டும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் வேண்டுவதில்லை. பெயரும் தகப்பனார் பெயரும் போதும். நிலமில்லாத பெயர் ஒன்று படிக்கப்பட்ட மாத்திரத்தில், பின்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர் எழுந்து கேட்பார். இரகசியமாக வைக்கவேண்டிய சாவியை இரகசியமாக வைப்பதும், வெளிப்படையாக இருக்கவேண்டிய பட்டியலை வெளிப்படையாக வைப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் கிராமக் கணக்குக்கு முழுக்காவல் உண்டாகும். அடுத்த கிராம சபைக்கு முன்பாகவே, ஒவ்வோர் அலுவலகத்திலும் திரையோரத்தில் ஒட்டியுள்ள அந்தத் துண்டுக் காகிதத்தைக் கிழித்து, அதிலுள்ள கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவது, இன்றே தொடங்கத்தக்க முதல் வேலையாகும்.